பத்தொன்பது பேர், எந்த வரிசை

பத்தரைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சொல்லித்தான் நிரஞ்சன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான், இப்போது பதினொன்று ஆகப் போகிறது, இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் இருப்பதே நல்லது, இல்லை, கூப்பிட்டுத் தொலைத்தால் நல்லது, எது நல்லதென்று எனக்கே தெரியவில்லை. தொழிலாளர் கோர்ட்டு நடையில் போட்டிருக்கிற இந்த மரப் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், எதிர்ச் சுவரை ஒட்டித் தரையில் பத்தொன்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பெஞ்சு காலியாக இருப்பது அவர்களுக்கும் தெரியும், ஒருத்தியும் வரவில்லை. என் லைனில் வேலை பார்த்தவர்கள், கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிட்டது, அதற்குத்தான் இந்தக் கேஸ். காலையில் என்னைப் பார்த்தால் வணக்கம் சார் என்று சொல்லிவிட்டுத்தான் ஏப்ரனையே மாட்டுவார்கள். இன்றைக்கு நான் படியேறி வந்தபோது பேச்சு நின்றது, நான் உட்கார்ந்ததும் பேச்சு மறுபடி தொடங்கியது, கொஞ்சம் சின்னக் குரலில். நான் தரையைப் பார்க்கிறேன். மொசைக் தரையில் ஒரு இடத்தில் விரிசல், அதில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அந்தச் சிமெண்டில் பூசியவனுடைய பெருவிரல் பதிந்திருக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். எத்திராஜாகிய நீங்கள் தயாரித்த இந்தப் பட்டியலில் பத்தொன்பது பேருடைய பெயர்களும் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன? இதைத்தான் யூனியன் வக்கீல் கேட்கப்போகிறார் என்று கம்பெனி வக்கீல் நேற்றே சொல்லிவிட்டார், பதிலையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஞாபகம் இல்லை.

"ஞாபகம் இல்லன்னு சொல்றது பொய் இல்ல சார். மனுஷன்னா மறதி சகஜம். உங்களை நான் பொய் சொல்லச் சொல்லலையே." அப்படித்தான் சொன்னார், சொல்லிவிட்டு எனக்குக் காப்பி வரவழைத்தார், நானும் குடித்தேன், காப்பி நன்றாகவே இருந்தது. நிரஞ்சன் பக்கத்து நாற்காலியில் போனைத் தடவிக்கொண்டே தலையாட்டினான். அவன் எங்கள் கம்பெனியின் ஹெச்.ஆர்., முப்பது வயதுகூட இருக்காது, வாய்க்கு வாய் என்னை சார் போடுவான், மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. நான் சரி என்றேன். நாற்பத்தொன்பது வயதில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை எது என்று கணக்கெடுத்தால் சரி என்பதுதான் வரும், என் பெயரைவிட அதிகமாகச் சொல்லியிருப்பேன். என்னைத் தெரிந்தவர்கள் யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். எனக்கா மறதி? நூற்றுப் பதினாறு வயரில் எது எந்த ஓட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், யார் எந்த வருஷம் எந்த மாதம் சேர்ந்தாள் என்று சொல்லுவேன், இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு லைனில் யார் பூசணிக்காய் உடைத்தாள் என்று சொல்லுவேன். நீதிபதி அய்யாவுக்கு அது தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கிற பத்தொன்பது பேருக்கும் தெரியும். நான் ஞாபகம் இல்லை என்று சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று வக்கீல் சொல்லித்தரவில்லை.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். அய்யா, அது யூனியன் கடிதத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்ட வரிசை. அவ்வளவுதான், மூச்சு விடாமல் சொன்னால் ஐந்து வினாடிகூட ஆகாது. காலையில் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், குளியலறையில் குரல் கணீரென்று வந்தது. ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லலாம் என்று பார்த்தேன், உதடு அசைந்தது, குரல் வரவில்லை, மேலுதட்டில் வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். இன்னா, ரத்தம் வருதே என்று லோகநாயகி கேட்டாள், என் மனைவி, அவளிடம் ஆடிட் விஷயமாக வெளியூர் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இந்தப் பத்தொன்பது பேரில் பாதிப் பேரைத் தெரியும், எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து காய் நறுக்கினார்கள். அவர்களை வேலையை விட்டு நிறுத்தியது தெரியும். யார் பட்டியல் போட்டது என்று தெரியாது. பாவம்ங்க கோமளா, நீங்களாவது ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள், சொன்னேன், கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன்.

கோமளா. அவளைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் மொசைக்கைப் பார்த்தேன். நாங்கள் செய்வது வயர்க் கட்டு, வேன், லாரி எதை எடுத்தாலும் அதன் வயிற்றுக்குள் ஹெட்லைட்டிலிருந்து பின்பக்கத்துச் சிவப்பு விளக்குவரை நரம்பு மாதிரி ஓடுமே, அது. சாய்ந்த பலகையில் ஆணிகளுக்கு நடுவே வயரை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, நுனியைப் பிளாஸ்டிக் கூட்டில் அதனதன் ஓட்டையில் டக்கென்று சத்தம் வரும்வரை செருகி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டோர்ஸிலிருந்து என்னைத் தூக்கி இந்த லைனுக்குச் சூப்பர்வைசராகப் போட்டபோது எனக்கு ஒரு வயரும் தெரியாது. கேட்கவும் கூச்சம், சூப்பர்வைசர் போய் வேலைக்காரியிடம் கேட்பதா என்று. கோமளா முதல் பலகையில் நின்றாள், இருபத்தாறு வயதிருக்கும் அப்போது. நான் அவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கிற மாதிரி நின்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். "பச்சையில மஞ்சக்கோடு ஏழாம் ஓட்டை. கறுப்புல வெள்ளைக்கோடு ரெண்டு. ஊதா மட்டும் கடைசியில, முன்னாடி போட்டா மாட்டிக்கும்." ஒரு வாரம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். எனக்குச் சொல்லித்தந்ததாக ஒருநாளும் அவள் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் காட்டிக்கொள்ளாதது பெருந்தன்மை, நான் காட்டிக்கொள்ளாதது வேறு.

லைனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய அட்டை இருந்தது. இடது பக்கம் பெயர்கள், மேலே வேலைகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நான்கு கால் பாகம். கற்றுக்கொண்டிருந்தால் ஒரு கால் கறுப்பாக இருக்கும். துணையோடு செய்தால் இரண்டு, தனியாகச் செய்தால் மூன்று, அடுத்தவருக்குச் சொல்லித்தர முடிந்தால் முழு வட்டம். இதற்கு ஆபீசில் ஏதோ பெரிய பெயர் உண்டு, லைனில் எல்லாரும் வட்டம் என்றுதான் சொல்லுவோம். உனக்கு எத்தனை கால்டி ஆச்சு, மூணு கால், இன்னும் ஒண்ணு இருந்தா நாலு கால்ல நடப்ப என்று கிண்டல் நடக்கும். வட்டம் முழுசாகிற அன்றைக்கு அவள் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிவந்து லைனுக்கே கொடுக்க வேண்டும், கடைசிக் காலை ஸ்கெட்ச் பேனாவால் நிரப்புவது நான் இல்லை, அவளுக்கு யார் சொல்லித்தந்தாளோ அவள்தான் நிரப்புவாள். இது கம்பெனி போட்ட சட்டமில்லை, அவர்களாக உண்டாக்கிக்கொண்டது. அந்த அட்டையில் முக்கால்வாசிக் கடைசிக் கால் கோமளாவின் கையால் நிரம்பியது. அவளுக்குக் கோடு தாண்டாமல் நிரப்ப வரும். வட்டம் ஏறத்தான் ஏறும், இறங்கியதாக எங்கள் கம்பெனியில் சரித்திரமே இல்லை. ஸ்கெட்ச் மையை எப்படி அழிப்பது?

யூனியன் ஆரம்பித்ததற்கும் நான்தான் காரணம் என்று ராத்திரி படுத்தால் தோன்றும், பகலில் தோன்றாது, இப்போது பகலிலேயே தோன்றுகிறது. நாற்பது பெண்களுக்குப் பாத்ரூம் போக இரண்டு கார்டு. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், அவள் திரும்பிவந்து கொக்கியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். அந்தக் கொக்கியைச் சுவரில் அடித்தது நான். சுத்தியலும் நான் கொண்டுவந்ததுதான். வெண்ணிலா ஏழு மாதம் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் கார்டுக்காக நின்று நின்று, பலகையைவிட்டு நகராமல், நின்ற இடத்திலேயே... நான் பார்க்காத மாதிரி டேப் சுருளை எண்ணப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கோமளா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தன்னுடைய ஏப்ரனைக் கழற்றி வெண்ணிலாவுக்குச் சுற்றிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்து, "தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு சார்" என்றாள். அதற்கு அடுத்த மாதம் கடிதம். சாப்பாட்டு நேரத்தில் மேசையில் வைத்து ஆளுக்கு ஆள் தள்ளிக் கையெழுத்து வாங்கினார்கள், கோமளா முதலில், பக்கத்தில் வெண்ணிலா, அப்புறம் நவநீதம், அப்படியே மேசையைச் சுற்றி, கை கழுவப் போயிருந்த இரண்டு பேர் கடைசியில். நாங்கள் சங்கத்தில் சேர்ந்திருக்கிறோம், எங்களோடு பேச வாருங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம், கீழே பத்தொன்பது கையெழுத்து. அதை நேரே ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கோமளா என்னிடம் கொண்டுவந்தாள். "சார், நீங்களே குடுத்துடுங்க. உங்களை மீறிப் போனதா இருக்கக்கூடாது பாருங்க." எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும், பெருமையாகத்தான் இருந்தது. நல்லா பண்ணுங்கம்மா என்று சொல்லி, அவள் கையிலிருந்த நகலில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தேன்.

நிரஞ்சன் அதைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "ஆர்டர் குறைஞ்சிருக்கு சார், ஆள் உபரியா இருக்காங்க" என்றான். உபரி என்றால் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரைச் சொல்லுவோம், ஆளைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். சட்டப்படி கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் போகிறவர்கள் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத, கடிதத்தில் கையெழுத்துப் போடாத சின்னப் பெண்கள். பழைய ஆளை அனுப்ப வேண்டுமானால் வேலை தெரியாதவள் என்று காட்ட வேண்டும். அதற்கு வட்டம் இறங்க வேண்டும். இதை எதையும் நிரஞ்சன் வாயால் சொல்லவில்லை. "நீங்க லைன்ல இருக்கிறவரு, யாருக்கு எவ்வளவு வரும்னு உங்களுக்குத்தான் தெரியும், இந்த லெட்டரை வச்சு ஒரு புது சார்ட் போட்டுக் குடுங்க, மூணு மாசம் முன்னாடி தேதி இருக்கட்டும்" என்றான். எழுந்துபோகும்போது, "லைன் ரெண்டையும் ஒண்ணாக்கினா சூப்பர்வைசரும் ஒருத்தர் போதும்னு மேல பேசிக்கிறாங்க, நான்தான் உங்களுக்காகப் பேசிட்டிருக்கேன்" என்றான். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யாரும் யோசிக்கவே வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம், லைன் முடிந்து எல்லாரும் போன பிறகு, கம்ப்யூட்டரில் போட்டேன், இன்றைக்குக் கோர்ட்டில் கேட்கப்போகிற பட்டியல் அதுதான். கடிதத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை பார்த்துப் பார்த்து அடித்தேன், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வட்டத்தில் ஒரு கால், பெரிய மனசு பண்ணி இரண்டு கால். கோமளாவுக்கு ஒரு கால். அடுத்தவருக்குக் கற்பிக்கும் திறன் என்று ஒரு கட்டம், அதில் இல்லை. இல்லை என்று அடித்தது இந்த விரல். பழைய அட்டையைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டி நிரஞ்சனிடம் கொடுத்தேன், அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை புது அட்டையைப் பார்த்துவிட்டு நவநீதம், "இன்னாடி இது, நம்ம எல்லாருக்கும் அமாவாசை வந்துடுச்சு" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், ஆபீசில் ஏதோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள், என்மேல் சந்தேகமே வரவில்லை அவர்களுக்கு. வெள்ளிக்கிழமை உபரி நோட்டீஸ் வந்தது. யார் யார் சங்கத்தில் இருந்தார்கள் என்பதே நிர்வாகத்துக்குத் தெரியாது, திறமையை மட்டும் பார்த்துத்தான் எடுத்தோம் என்று கம்பெனி கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறது, அந்தக் கடிதம் என்னைத் தாண்டி ஆபீசுக்கு வரவே இல்லையாம்.

அந்த வரிசையில்தான் மாட்டிக்கொண்டோம். எங்கள் கம்பெனியில் எந்தப் பட்டியலாக இருந்தாலும் டோக்கன் நம்பர் வரிசையில்தான் இருக்கும், வருகைப் பதிவானாலும் கேன்டீனானாலும் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் ஆனாலும், நம்பர் மாறி எழுதினால் குமாஸ்தாவே திருப்பி அனுப்பிவிடுவான். இதில் மட்டும் 112, 340, 87, 291. வயசும் இல்லை, சீனியாரிட்டியும் இல்லை, அகர வரிசையும் இல்லை, நான் போட்ட மார்க்கும் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவர்கள் உட்கார்ந்த வரிசை. நோட்டீஸ் வந்து மூன்று நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது காலியாக இருந்த அந்த மேசையைப் பார்த்ததும்தான் எனக்கே பொறி தட்டியது. நிரஞ்சனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இங்கேதான் நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன், பல வாரம். என் மனசாட்சிதான் என் கையைப் பிடித்து அந்த வரிசையில் அடிக்கவைத்தது, பின்னால் உண்மை வெளிவரட்டும் என்று நானே ஒரு சாட்சியத்தை விட்டுவைத்தேன், அப்படி ஒரு கதை. லோகநாயகி தூங்கிய பிறகு அந்தக் கதையை எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், மேலே இருப்பதை முதலில் அடித்தேன், கீழே இருப்பதைக் கடைசியில் அடித்தேன். சோம்பேறித்தனம். பத்தொன்பது பேரைத் தெருவில் நிறுத்துகிற வேலையில்கூட நான் கவனமாக இல்லை.

அடுத்த மாதமே இருபத்திரண்டு பேர் கான்ட்ராக்டில் வந்தார்கள், உபரியாம், உபரி. புதுப் பெண்கள், யாருக்கும் ஒரு வயர் தெரியாது, சொல்லித்தர முழு வட்டக்காரி யாரும் லைனில் மிச்சமில்லை, நான்தான் நின்றேன். பச்சையில மஞ்சக்கோடு ஏழாம் ஓட்டை, ஊதா மட்டும் கடைசியில, முன்னாடி போட்டா மாட்டிக்கும். என் வாயிலிருந்து அவள் குரல் வந்தது, அதே ராகம், அதே இழுப்பு. ஒரு பெண், சார் நல்லா சொல்லித்தறீங்க சார் என்றாள். நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

எதிரே நிமிர்ந்து பார்த்துவிட்டேன். பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்களே, கோமளா கதவோரம், அவள் பக்கத்தில் வெண்ணிலா, வெண்ணிலா மடியில் குழந்தை தூங்குகிறது, அடுத்து நவநீதம், அடுத்து... கடவுளே, அதே வரிசை. யாரும் சொல்லி உட்காரவைக்கவில்லை, வருஷக்கணக்காக யாரோடு சாப்பிட்டார்களோ அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் சாட்சி சொல்லவே தேவையில்லை, நீதிபதி அய்யா என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நடைக்கு வந்து, பெயரைக் கேட்டுக்கொண்டே ஒரு நடை நடந்தால் போதும். அவர் வரமாட்டார். நான்தான் உள்ளே போக வேண்டும். அய்யா, அது அவர்கள் கையெழுத்துப் போட்ட... அடுத்து வேலை. அடுத்து நிரஞ்சன், பரவால்ல சார், நீங்க ரெஸ்ட் எடுங்க என்பான், மரியாதையாக. நாற்பத்தொன்பது வயதில் எந்தக் கம்பெனி எடுக்கும்? என் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. இந்தப் பத்தொன்பது பேருக்கும் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள், பெயர்கூடத் தெரியும், என் ஞாபகசக்தி அப்படி. சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்று நினைக்கும்போதே வயிற்றுக்குள் ஒருவன், ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு நன்றாகவே வந்துவிட்டது.

கோமளா எழுந்திருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள், வருஷக்கணக்காக நின்றதில் முட்டி போய்விட்டது. இங்கே வருகிறாள். வேண்டாம், வராதே. வந்து பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள், நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம்.

"தரையில ரொம்ப நேரம் உக்கார முடியல சார்."

"உக்காரும்மா, உக்காரு."

"வீட்ல அக்கா நல்லா இருக்காங்களா?"

"ம். நல்லா இருக்கா."

"உதட்டுல இன்னா சார், வெட்டிக்கினீங்களா?"

தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இப்போது சொல்லலாம், இவளிடமே சொல்லலாம், கோர்ட்டு எதற்கு, கோமளா, அந்தச் சார்ட்டை நான்தான் போட்டேன். இவளுக்குத் தெரியாதா என்ன, பட்டியலின் கீழே என் கையெழுத்து இருக்கிறதே. தெரிந்துதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள், தெரிந்துதான் அக்காவை விசாரிக்கிறாள். திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் பார்க்க மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், கோபம் வந்தால் உள்ளே போய் ஞாபகம் இல்லை என்று சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள், வேகவைத்த காராமணி, தேங்காய்த் துருவல் போட்டது, எடுத்துக்குங்க சார் என்று நீட்டினாள், வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், எடுத்துக்கொண்டேன். உப்பு சரியாக இருந்தது. வெட்கம் என்பது முகத்தில் வருவது என்று நினைத்திருந்தேன், மெல்லும்போது தாடையில் வருகிறது. படியடியில் நிரஞ்சன் போனில் பேசிக்கொண்டே இதைப் பார்த்தான், எதிர்க்கட்சிக்காரி கையில் வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று. நான் கையைத் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"நேரத்துக்குக் கூப்பிட்டா தேவலை" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே. "வெண்ணிலா புள்ளைக்குக் காய்ச்சல். இன்னிக்கு நீங்க சொல்லிட்டீங்கன்னா கேஸ் முடியற மாதிரின்னு எங்க வக்கீல் சொன்னாரு. பத்து மாசமா அலையறோம் சார்."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்தது, டவாலி அணிந்த கோர்ட்டுச் சிப்பந்தி வெளியே வந்தார், பத்தொன்பது பேரும் ஒன்றாக எழுந்தார்கள், வெண்ணிலா குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள், நானும் எழுந்தேன், பெஞ்சு ஆடியது, அய்யா, அது அவர்கள், அய்யா, எனக்கு ஞாபகம், அய்யா, சிப்பந்தி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார், "ஜட்ஜ் அய்யா அவசர லீவு. இன்னிக்கு இருக்கிற கேஸ் எல்லாத்துக்கும் வாய்தா. ஜூன் பதினெட்டு."

"அப்பாடா."

யார் சொன்னது? யாரோ சத்தமாகச் சொன்னார்கள். நவநீதம் திரும்பிப் பார்க்கிறாள். கதவருகே நின்ற அவர்கள் வக்கீல் திரும்பிப் பார்க்கிறார். படியடியில் நிரஞ்சன்கூட போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். நான்தான் சொல்லியிருக்கிறேன். மனசுக்குள் சொன்னதாக நினைத்தேன். பத்து மாதமாக நடக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு மாதம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள், அத்தனை பேர் நடுவில், நான், அப்பாடா என்று. முகம் எரிகிறது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும், வெயில், லேட்டாகிவிட்டது, அதைச் சொன்னேன் என்று ஏதாவது. கோமளா டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திருப்பிப் போட்டு மறுபடி அழுத்தினாள். பையில் வைத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள், கோபமே இல்லை அவள் முகத்தில்.

"எனக்கும் அப்பாடான்னுதான் இருக்கு சார்" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நீங்க உள்ள போயி பொய் சொல்றதை உக்காந்து கேக்கணுமேன்னு காலைலேர்ந்து அதே நெனப்பா இருந்துச்சு."

இல்லை கோமளா, நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன், உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். இதைத்தான் நான் சொல்ல வேண்டும், காலையிலிருந்து இதைத்தானே சொல்லிப் பழகினேன். அவள் காத்திருக்கிறாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முட்டி வலியோடு, இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். வெண்ணிலா படியிறங்கிவிட்டாள், நவநீதம் வா அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள், கோமளா நகரவில்லை, எனக்காகத்தான் நிற்கிறாள். நான் வாயைத் திறந்தேன்.

"பாத்துப் போம்மா" என்றேன்.

"சரி சார்" என்றாள்.